வத்தளை இல்லத்து மாடிப்படியில இருந்த பெட்டிகள்

மார்ச் கடைசி வந்தா எங்கட ஸ்டோர்ஸ் முழுக்க சவுக்கார மணம். நான் ஸ்டொக் கணக்கு பாக்கிறது சவுக்காரம், ஷாம்பு, பவுடர், பொம்பிளையள் மாசா மாசம் பாவிக்கிற பேட், குழந்தைகளுக்குப் பூசிற கிறீம் இப்படி சாமான் கடைகளுக்கு அனுப்புற ஒரு கொம்பனியில, பேர் இங்க தேவையில்ல, கொழும்பில இப்படி நிறைய இருக்கு, எல்லா இடத்திலயும் நடக்கிறதும் ஏறக்குறைய ஒண்டுதான். மார்ச் 31ஓட கணக்கு முடியும், அதுக்கு முன்னம் விக்கேலாத சரக்கெல்லாம் கணக்கில இருந்து எடுத்திரணும். எடுக்கிறது எண்டா அழிக்கிறது. ஷாம்பு போத்தலைத் திறந்து திறந்து பீப்பாய்க்குள்ள ஊத்துவாங்க, சவுக்காரத்த பெட்டியோட வச்சு வெட்டுவாங்க, ஓடிட்ல (கணக்குத் தணிக்கையில) இருந்து வந்த பொடியன் ஒரு கிளிப் போர்டோட நிண்டு எண்ணுவான், கடைசியில அவனும் நானும் சைன் வைக்கணும்.

இந்தச் சாமானில ஒரு பிழையும் இல்ல எண்டதுதான் முதல்ல விளங்க வேண்டியது. கவர் டிசைன் மாறினா பழைய கவர் போட்டது கடையில நிக்காது. புதுவருஷத்துக்கு "ஒண்டு வாங்கினா ஒண்டு இலவசம்" எண்டு கட்டின பெக், மே மாசம் வந்தா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. பெட்டி வெளிய கொஞ்சம் நனைஞ்சா உள்ளுக்குள்ள 48 சவுக்காரமும் காய்ஞ்சு நல்லாத்தான் இருக்கும், ஆனா டெமேஜ் எண்டு எழுதியாச்சு. எக்ஸ்பயரிக்கு இன்னும் அஞ்சாறு மாசம் இருக்கிற சாமானை பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் எடுக்காது, நாங்க அத ஷோர்ட் எக்ஸ்பயரி எண்டு சொல்லுவம், ஒரு வீட்டில அது ரெண்டு கிழமையில முடியிற சாமான்.

2022ல எனக்கு இது தாங்கேலாம போச்சு. அந்த வருஷம் டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறினது, செப்டம்பர்ல கொழும்பு விலைவாசி ஒரு வருஷத்துக்கு முன்ன இருந்ததை விட கிட்டத்தட்ட 70 வீதம் கூட, எங்கட லேன்ல இருக்கிற கடையில ஒரு சவுக்காரத்த நூலால ரெண்டா வெட்டி வித்தாங்க, நான் கண்ணால பாத்தன். அதே சவுக்காரம். அதே கிழமை ஸ்டோர்ஸ்ல நாங்களும் வெட்டினம், பீப்பாய்க்குள்ள போடுறதுக்கு. அண்டைக்கு சைன் வைக்கிறதுக்குப் பேனையை எடுத்திட்டு கொஞ்ச நேரம் அப்படியே நிண்டன்.

எனக்கு மேல இருக்கிற சேர்ட்ட போய்க் கேட்டன், ஏன் சேர் இத ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குக் குடுக்கேலாது எண்டு. அவர் கோபப்படேல்ல, கதிரையை இழுத்து இருக்கச் சொன்னார். "தங்கச்சி, எனக்கும் மனசில்ல. ஆனா நான் இண்டைக்கு நூறு பெட்டி சும்மா குடுத்தா, நாளைக்கு அதில எம்பது பெட்டி புறக்கோட்டைச் சந்தையில பாதி விலைக்கு இருக்கும், எங்கட டிஸ்ட்ரிபியூட்டரே போன் எடுத்துக் கேப்பான். யாருக்காவது பூசி தோல் அரிச்சா பேப்பரில எங்கட பேர்தான் வரும். அழிச்சா ஓடிட்டுக்கு ஒரு துண்டு போதும், குடுத்தா யாருக்குக் குடுத்தது, அந்த இல்லம் பதிஞ்சதா, சாமான் உண்மையில போய்ச் சேந்ததா எண்டு ஒரு ஃபைல் வேணும், அந்த ஃபைலை யார் செய்யிறது?" எண்டார். அவர் சொன்னதில ஒண்டும் பொய்யில்ல. இண்டைக்கும் கொம்பனிக்காரங்களத் திட்டி எழுதுறவங்களப் பாத்தா எனக்கு அந்தக் கதிரைதான் ஞாபகம் வரும். மனசில்லாமல் இல்ல, நடுவில நிக்கிறதுக்கு ஒருத்தர் இல்ல.

அந்த நடுவில நிக்கிறவங்கள் எண்டே வேற நாடுகள்ல ஸ்தாபனங்கள் இருக்கு எண்டு அதுக்குப் பிறகுதான் தேடி வாசிச்சன். அமெரிக்காவில இலினோய் மாநிலத்தில கேல்ஸ்பேர்க் எண்ட ஊர்ல 1977ல தொடங்கின ஒண்டு இருக்கு, சுருக்கமா நேயர் எண்டு சொல்றாங்க, கொம்பனிகள்ட மிஞ்சின சரக்கை எடுத்து பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் அனுப்புறதுதான் வேலை. 1983ல த்ரீஎம் கொம்பனி யுனைடட் வே எண்ட தர்ம ஸ்தாபனத்திட்ட பெருந்தொகையா ஒபிஸ் சாமான் குடுக்கிறம் எண்டு வந்தது, அத யாருக்கு எப்படிப் பிரிக்கிறது எண்டு திண்டாடினதில இருந்து பிறந்த ஸ்தாபனம்தான் கிஃப்ட்ஸ் இன் கைண்ட், 2011ல இருந்து அதுக்குப் பேர் குட்360. இங்கிலாந்தில இப்ப அரசரா இருக்கிற சார்ள்ஸ், இளவரசரா இருந்த காலத்தில 1996ல தொடங்கின இன் கைண்ட் டிரெக்ட். நம்மட பக்கத்தில டெல்லியில 1999ல அன்ஷு குப்தா தொடங்கின கூஞ்ச், அது கொம்பனிச் சரக்கை விட வீடுகள்ட பழைய துணியை வச்சுத்தான் வளந்தது, ஆனா சாமான வாங்கிப் பிரிச்சுத் தேவையானவங்கட்ட சேக்கிற வேலை அதேதான், அவருக்கு 2015ல மக்சேசே விருது கிடைச்சது.

அமெரிக்காவில இது இவ்வளவு பெருசா வளந்ததுக்குப் பின்னால ஒரு வரிச் சட்டமும் இருக்கு, கணக்குப் பாக்கிறவள் எண்டதால எனக்கு அது முக்கியமாப் பட்டுது. 1976ல வந்த சட்டம். ஒரு கொம்பனி தன்ட சரக்கை நோயாளிகளுக்கோ வசதியில்லாதவங்களுக்கோ குழந்தைகளுக்கோ போற மாதிரி தர்ம ஸ்தாபனத்துக்குக் குடுத்தா, அடக்க விலையை மட்டுமில்ல, வித்திருந்தா வந்திருக்கக் கூடிய லாபத்தில பாதியையும் சேத்து வருமானத்தில கழிக்கலாம், எல்லாம் சேந்து அடக்க விலையின்ட ரெண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அதோட அந்தச் சாமானை வாங்கினவங்க பிறகு விக்க மாட்டம் எண்டு எழுத்தில குடுக்கணும். புறக்கோட்டைக்குப் போயிரும் எண்டு எங்கட சேர் பயந்தாரே, அந்தப் பயத்துக்கு மருந்து சட்டத்துக்குள்ளயே இருக்கு. பிரான்ஸ் வேற வழியால போனது, 2020ல சட்டம் போட்டு, 2022 ஜனவரியில இருந்து விக்காத உடுப்பு, சவுக்காரம், எலெக்ட்ரிக் சாமான் எல்லாத்தையும் எரிக்கவோ குப்பையில போடவோ கூடாது எண்டிட்டாங்க. பர்பெரி எண்ட இங்கிலாந்து உடுப்புக் கொம்பனி 2018 மார்ச்சில முடிஞ்ச கணக்கு வருஷத்தில மட்டும் 28.6 மில்லியன் ஸ்டேர்லிங் பவுண் பெறுமதியான சரக்கை அழிச்சது எண்டு அதே 2018ல வெளிய வந்து பெரிய சத்தமாப் போன பிறகுதான் பிரான்ஸ் சட்டம் வந்தது.

சரி, எங்கட கதைக்கு வாறன். ஒரு வருஷம் அலைஞ்சு, 2023ல சேர் ஓம் எண்டார். கொழும்புக்குப் பக்கத்தில வத்தளையில சிஸ்டர்மார் நடத்துற ஒரு பெண்பிள்ளைகள்ட இல்லம், நன்னடத்தைத் திணைக்களத்தில பதிஞ்சது, ஃபைலுக்கு வேண்டிய பேப்பரெல்லாம் சரியா இருந்திச்சு. ஒவ்வொரு பெட்டியிலயும் மூண்டு பாஷையிலயும் "விற்பனைக்கு அல்ல" எண்டு சீல் குத்தினம், நானும் ஸ்டோர்ஸ் தம்பிமாரும் சனிக்கிழமை பின்னேரம் முழுக்க இருந்து குத்தினம், கையெல்லாம் நீலம். ஒரு லொறி நிறைய. இறக்கேக்க பிள்ளைகள் வரிசையா நிண்டு கை தட்டினாங்க, எங்கட கொம்பனியில இருந்து வந்த ஒருத்தர் பெனர் பிடிச்சு போட்டோ எடுத்தார். நான் அண்டு ராத்திரி நல்லா நித்திரை கொண்டன்.

மூண்டு மாசம் கழிச்சு சும்மா பாத்திட்டு வருவம் எண்டு போனன். மேல் மாடிக்குப் போற படியில ஒரு பக்கம் முழுக்க எங்கட பெட்டி. பிள்ளைகள் ஒவ்வொருத்தரா சுவரோட ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கினாங்க. கீழ் வரிசைப் பெட்டியை எலி கடிச்சு, பவுடர் படியில கொட்டுப்பட்டு, அத ஒரு சின்னப் பிள்ளை ஈரத் துணியால துடைச்சுக்கொண்டு இருந்தது. பெட்டியளப் பாத்தன், ஆம்பிளைகள் சவரம் செய்த பிறகு பூசிற லோஷன் 22 பெட்டி. பெண்பிள்ளைகள் இருக்கிற இல்லத்தில. குழந்தைக் கிறீம் 15 பெட்டி, அங்க ஆகக் குறைஞ்ச வயசு ஏழு. விளம்பரத்துக்கு அடிச்ச எக்ஸ்எல் ரீசேட் அஞ்சு பெட்டி. அவங்களுக்கு மாசா மாசம் காசு குடுத்து வாங்க வேண்டி இருந்தது பேட், அது எங்கட லொறியில ரெண்டே ரெண்டு பெட்டிதான் போயிருந்திச்சு, ஏனெண்டா அந்த வருஷம் பேட் நல்லா வித்துப் போச்சு, மிஞ்சேல்ல.

"சிஸ்டர், ஏன் இறக்கேக்கயே சொல்லேல்ல?" எண்டு கேட்டன்.

அவ கொஞ்ச நேரம் பேசாம நிண்டா. பிறகு சொன்னா, "மகள், வேண்டாம் எண்டு சொன்னா அடுத்த முறை ஒண்டும் தர மாட்டீங்களோ எண்டு பயமா இருந்திச்சு."

நான் பஸ்ஸில திரும்பி வரேக்க முழுக்க அதுதான் மண்டையில. எனக்கு அந்த நேரம் 2004 சுனாமிக் காலம் ஞாபகம் வந்தது. அப்ப நான் ஏ.எல். படிச்சுக்கொண்டு இருந்தன், வெள்ளவத்தையில ஒரு மண்டபத்தில சாமான் பிரிக்கப் போனம், கரையோரச் சனத்துக்கு எண்டு வந்து குவிஞ்ச மூட்டைக்குள்ள குளிர்காலத்துக்குப் போடுற தடிச்ச ஜெக்கெட், ஒத்தச் சப்பாத்து, குதி உயந்த செருப்பு. மருந்து விசயத்தில அதுக்கும் முன்னமே உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு வழிகாட்டி போட்டிருந்திச்சு, 1996ல, தேவை எண்டு கேட்டத மட்டும் குடு, போய்ச் சேரேக்க எக்ஸ்பயரிக்கு ஒரு வருஷமாவது இருக்கணும், நன்கொடையா வாறதுக்கு ஒரு தரம் விக்கிறதுக்கு ஒரு தரம் எண்டு ரெண்டு வைக்கக் கூடாது எண்டு. இருபது வருஷத்துக்கு முன்னம் அந்த மண்டபத்தில அழுகை வர நிண்டவள்தான் நான், பிறகு நானே ஒரு லொறியில லோஷன் ஏத்தி அனுப்பினன்.

அமெரிக்காவில ஒரு விசயம் நடக்கும், சுப்பர் போல் எண்ட பெரிய ஃபுட்போல் போட்டிக்கு ரெண்டு அணிக்குமே "நாங்க சம்பியன்" எண்டு ரீசேட் முன்கூட்டியே அடிச்சு வைப்பாங்க, மெச் முடிஞ்ச நிமிஷத்தில விக்கிறதுக்கு. தோத்த அணிட ரீசேட்டை அங்க விக்கேலாது, அதால அத வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. கன காலம் வேர்ல்ட் விஷன் எண்ட உதவி ஸ்தாபனம் செய்தது, 2011ல இது யாருக்கு உதவி எண்டு பெரிய வாக்குவாதமே வந்தது, 2015ல இருந்து குட்360 செய்யுது. ரீசேட் போடலாம்தான், துணி துணிதான், அது கிடைச்சு சந்தோசப்பட்டவங்களும் இருப்பாங்க. ஆனா ஒரு பிள்ளை நெஞ்சில எழுதியிருக்கிறது யாரோ தோத்தத மறைக்கிற வசனமா இருக்கு எண்டு யோசிச்சா எனக்கு மனசு கேக்கேல்ல, அந்த எக்ஸ்எல் பெட்டியளக் கண்டதில இருந்து.

இன் கைண்ட் டிரெக்ட் மாதிரி இடங்கள் எப்படிச் செய்யுதெண்டு திரும்பவும் வாசிச்சன், இந்த முறை வேற கண்ணால. அங்க லொறி தானா வாறதில்ல. சங்கம் முதல்ல பதியும், பிறகு கடையில பாக்கிற மாதிரி லிஸ்ட்டில என்ன இருக்கு எண்டு பாத்து தனக்கு வேண்டியத, வேண்டிய அளவு எடுக்கும், சாமானுக்குக் காசில்ல, ஆனா கையாளுற செலவுக்கு எண்டு கொஞ்சம் கட்டணும். முதல் முறை வாசிக்கேக்க எனக்குப் பிடிக்காமப் போனது அந்தக் கட்டணம்தான், தர்மத்துக்கு என்ன காசு எண்டு. இப்ப விளங்குது. லொறிக்கு டீசல் ஆர் போடுறது, களஞ்சியத்துக்கு வாடகை ஆர் குடுக்கிறது எண்டது ஒரு பக்கம். அதை விடப் பெருசு, கொஞ்சக் காசு கட்டினவங்க வாய் திறந்து "இது எனக்கு வேண்டாம், அது 10 பெட்டி போதும்" எண்டு சொல்லுவாங்க. சும்மா வாங்கிறவங்க சொல்ல மாட்டாங்க, படியில அடுக்குவாங்க.

அதுக்குப் பிறகு நாங்க செய்யிற விதத்த மாத்தினம். நாங்க எண்டா நான், வேற ரெண்டு கொம்பனி ஸ்டோர்ஸ்ல இருக்கிற ரெண்டு பேர், கொட்டாஞ்சேனையில ஒரு அக்கா, லொறி ஓடுற ஒரு அண்ணா. பதிஞ்ச ஸ்தாபனம் இல்ல, வட்ஸ்அப் குரூப் ஒண்டு. மாசத்தில ஒருக்கா எந்தெந்த கொம்பனியில என்ன மிஞ்சுது, எக்ஸ்பயரி எப்ப எண்டு ஒரு லிஸ்ட் போடுவம், ஏழு இல்லமும் ரெண்டு முதியோர் வீடும் வாசிச்சு எழுதுவாங்க. ஒரு கொம்பனியில மிஞ்சினது ஒரு இல்லத்துக்கு ஒரு நாளும் சரி வராது, மூண்டு கொம்பனிட மிச்சம் ஒரு இடத்தில சேந்தாத்தான் ஒரு இல்லத்தின்ட தேவை பாதியாவது நிரம்பும், இது செய்து பாத்தாத்தான் தெரியும். லோஷன் முதியோர் வீட்டுக்குப் போனது, அங்க தாத்தாமார் சண்டை பிடிச்சு எடுத்தாங்க. போட்டோவை நிப்பாட்டினம். இல்லத்துப் பிள்ளைகள்ட முகம் ஒரு சவுக்காரத்துக்காக பேஸ்புக்கில வரத் தேவையில்ல, கொம்பனிக்கு வேண்டியது ஃபைலுக்கு ஒரு ரசீது, அத சிஸ்டர் சைன் வச்சுக் குடுப்பா, அது போதும் எண்டு சேரும் ஒத்துக்கொண்டார்.

உடுப்பு மட்டும் இன்னும் கஷ்டம். நாங்க உலகத்துக்கே உடுப்பு தைச்சுக் குடுக்கிற நாடு, 1978ல கட்டுநாயக்காவில சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கினதில இருந்து. வலயத்துக்குள்ள இருக்கிற துணி வரியில்லாம வந்தது, அத வெளிய எடுக்கிறதுக்கு முதலீட்டுச் சபை, சுங்கம் எண்டு அனுமதி வேணும், அதுக்கு மேல பிராண்ட்காரங்களும் ஓம் எண்டு சொல்லணும், தங்கட பேர் போட்ட றிஜெக்ட் றோட்டில போறத அவங்க விரும்ப மாட்டாங்க. புறக்கோட்டையில சேட் வாங்கினா கழுத்துக்குப் பின்னால லேபல் வெட்டின இடத்தில நாலு நூல் நீட்டிக்கொண்டு இருக்குமே, தடவிப் பாருங்க, அந்த நூலில இந்தக் கதை முழுக்க இருக்கு. எங்களுக்குக் கிடைச்சது வலயத்துக்கு வெளிய ஒரு சின்ன இடத்தில மிஞ்சின துணி ரோல் மட்டும்தான், அது கிராண்ட்பாஸில தையல் பழகிற பெண்களுக்குப் போனது, ஸ்கூல் பேக் தைச்சாங்க. தைச்ச உடுப்பு சும்மா குடுக்கிறத விட துணியாக் குடுக்கிறதுதான் எனக்குச் சரியாப் படுது, எங்கட லேன் முனையில ஒரு மெஷினோட இருந்து பிழைக்கிற தையல்கார அண்ணாட வயித்தில அடிக்காது.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து களனி ஆறு பெருக்கெடுத்து வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமெல்லாம் தண்ணிக்குள்ள போன நேரம் எங்கட குரூப்பில விடிய விடிய மெசேஜ். முதல் ரெண்டு நாள் எல்லாரும் அனுப்பினது பிஸ்கட், தண்ணிப் போத்தல், பழைய உடுப்பு. தண்ணி வடிஞ்ச பிறகு அங்க இருந்த ஒரு அக்கா எழுதினது இப்படி: "பிஸ்கட் போதும். வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சேறு. வாளி, மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், கையுறை, பொம்பிளையளுக்கு உள்ளுடுப்பு, புதுசா." அதில கையுறையும் பிளீச்சிங்கும் எங்கட மூண்டு ஸ்டோர்ஸ்ல டெமேஜ் எண்டு ஒதுக்கினதுக்குள்ளயே கிடந்தது, ரெண்டு நாளில போச்சு. உள்ளுடுப்பு ஒருத்தரிட்டயும் மிச்சம் இல்ல, காசு சேத்துத்தான் வாங்கினம்.

போன கிழமை வத்தளை சிஸ்டர் அனுப்பினத இங்க அப்படியே போடுறன், அவட்ட கேட்டுத்தான் போடுறன்: "மகள், ஷாம்பு வேண்டாம், இன்னும் 6 பெட்டி இருக்கு. பவுடர் வேண்டவே வேண்டாம். பேட் எவ்வளவு வந்தாலும் எடுக்கிறம். பல்லுத் தூரிகை சின்னப் பிள்ளைகளுக்கு 14, பெரிசு 30. போன முறை வந்த சவுக்காரம் ஒருத்திக்கு அரிக்குது, அவளுக்கு வேற ஒண்டு பாருங்கோ." அந்த மெசேஜை நான் சேருக்குக் காட்டினன். அவர் ரெண்டு தரம் வாசிச்சிட்டு, தன்ட போனுக்கு அனுப்பச் சொன்னார்.

இப்ப எங்களுக்கு இருக்கிற பெரிய தலையிடி இடம். மூண்டு கொம்பனியும் மார்ச் 31க்கு முன்னம் வெளிய எடுங்கோ எண்டு நிக்குது, இல்லங்கள் மாசம் மாசமாத்தான் எடுக்க ஏலும், நடுவில ஒரு மூண்டு மாசம் வைக்க ஒரு அறை வேணும். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், வத்தளைப் பக்கம் யாரிட்டயாவது பூட்டி வைக்கக் கூடிய, லொறி வாசல் வரைக்கும் வரக் கூடிய, மழைக்குத் தண்ணி ஏறாத ஒரு அறை சும்மா கிடந்தா கீழ எழுதுங்கோ. 12க்கு 12 இருந்தாலே போதும், வாடகை குறைச்சுக் கேட்டா நாங்களே சேத்துக் குடுப்பம்.